பார்க்கும் மரியாதை

இரவு பத்து மணிக்கு ஆர்மோனியம் தொடங்கினால் விடியற்காலையில் வள்ளிக்கும் முருகனுக்கும் மாலை மாற்றிவைத்த பிறகே ஓய்கிற சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகத்தை, கதை ஆதியோடந்தமாகத் தெரிந்திருந்தும், தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு பனியில் உட்கார்ந்து வருஷா வருஷம் பார்க்கிற ஜனங்களும், அதை ஆடுவதற்கென்றே சங்கம் வைத்திருக்கிற நடிகர்களும் உள்ள புதுக்கோட்டைச் சீமையில், பார்ப்பது என்பது புதிதாகப் பயில வேண்டிய வித்தை அல்ல. ஆயினும் இந்தப் பத்துப் பன்னிரண்டு வருஷங்களாக இங்குள்ள பெண்களும் கல்லூரிப் பிள்ளைகளும் கொரியாவையும் ஜப்பானையும் பார்க்கத் தொடங்கியிருப்பதில் ஒரு விசேஷம் இருக்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது. 2013இல் தொடங்கிய புதுயுகம் தொலைக்காட்சி கொரியத் தொடர்களுக்குத் தமிழ்க்குரல் கொடுத்து ஒளிபரப்பியபோது, ‘பாய்ஸ் ஓவர் ஃபிளவர்ஸ்’ கதாநாயகியான சலவைக்கடைக்காரர் மகள் திடீரென்று சென்னைத் தமிழ் பேச ஆரம்பித்தாள். உதடு ஒன்று சொல்ல ஒலி வேறொன்று சொன்னதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இன்று அதே ரசிகைகள் நெட்ஃபிளிக்ஸில் கொரியக் குரலையே கேட்டு, கீழே ஓடும் எழுத்துக்களைப் படித்துக்கொண்டு, எங்கள் ராஜவீதிகளின் மொட்டைமாடிகளில் கைப்பேசி வெளிச்சத்தில் அழுகிறார்கள்.

இதற்குக் காரணம் கதைகளின் புதுமை என்று யாராவது சொன்னால் நான் ஒப்ப மாட்டேன். பணக்கார வீட்டுப் பிள்ளை, ஏழை வீட்டுப் பெண், ‘என் மகனை விட்டுவிடு’ என்று பண உறையை நீட்டுகிற தாயார், விபத்தில் தப்பும் ஞாபகம், சிறுவயதில் பிரிந்தவர்கள் பெரியவர்களாகி ஒருவரையொருவர் அறியாமல் சந்தித்துக்கொள்வது—இவையெல்லாம் நம்முடைய ஐம்பது அறுபதுகளின் படங்களில் நாம் கண்ணீர் விட்டுத் தீர்த்த சரக்குகளே. வயதில் மூத்தவர் எதிரே முகத்தைத் திருப்பிக்கொண்டு குடிக்கிற சம்பிரதாயமும், அண்ணன் அக்காள் என்று முறை சொல்லாமல் யாரையும் அழைக்கக் கூசுகிற சுபாவமும் நமக்கு எவ்விதத்திலும் அந்நியமாகப் படுவதில்லை. இந்த ஒற்றுமையைக் கண்டதும் சிலர் பரவசமடைந்து, பதின்மூன்றாம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட ‘சம்குக் யூசா’ சொல்லும் அயுத நாட்டு இளவரசியைக் கன்னியாகுமரிக் கரையிலிருந்து கப்பலேற்றி விடுகிறார்கள். அந்தக் கப்பலுக்கு நான் பயணச்சீட்டு வாங்கியதில்லை. குடும்பமும் வறுமையும் மூப்பும் இருக்கிற எந்தத் தேசத்திலும் இந்தக் கதைகள் பிறக்கும். நம்மவரைக் கட்டிப்போடுவது அந்தக் கதைகளைச் சொல்கிறவர்களின் கண். அது எதன்மேல் தங்குகிறது, எவ்வளவு நேரம் தங்குகிறது, எப்போது விலகிக்கொள்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

விலகிக்கொள்வதை முதலில் சொல்லிவிடுகிறேன். கொரியத் தொடர் பெரும்பாலும் பதினாறு அத்தியாயங்களில், வாரத்துக்கு இரண்டாக இரண்டு மாதத்தில் முடிந்துவிடுகிறது. ஜப்பானியத் தொடர் பத்துப் பதினோரு வாரத்தோடு பருவம் மாறும்போது தானும் மாறிவிடுகிறது. நம்முடைய ‘கோலங்கள்’ 2003இல் தொடங்கி 2009 வரை 1,533 நாட்கள் நடந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்து நம்மவரைக் குறை கூறுவது சுலபம். ஆனால் தினம் ஒரு பகுதி, பகுதிக்குள் இத்தனை விளம்பரம் என்று கணக்கிட்டு நடக்கிற வியாபாரத்தில், ஓடுகிற தொடரை நிறுத்துகிறவன் பைத்தியக்காரனாகவே கருதப்படுவான். கொரியாவில் பொது அலைவரிசைகள் ஒரு நிகழ்ச்சியின் நடுவே விளம்பரம் போடுவதற்கு 2021 வரை தடை இருந்தது. ஆகவே அங்கே வியாபாரம் கதைக்குள்ளேயே புகுந்து உட்கார்ந்துகொண்டு, காதலர்கள் மனம் உடைந்துபோகும் சமயத்தில்கூட ஒரு குறிப்பிட்ட கம்பெனியின் சாண்ட்விச்சைக் கையில் பிடித்திருக்கும்படி நேர்ந்தது. எந்த ஊரிலும் சுத்த கலை என்று ஒன்று தனியாக வாழ்வதில்லை. இருந்தாலும், முடிவு எங்கே என்று அறிந்து எழுதப்பட்ட கதையில் முதல் நாள் வந்த குடைக்குப் பதினைந்தாம் நாள் வேலை இருக்கும். முடிவே அறியாத கதையில் குடையும் வில்லியும் ஒன்றுதான், தேவைப்பட்டால் திரும்பி வரலாம். விடியும்போது முடிந்தே ஆகவேண்டும் என்ற நியதியோடு ஆடுகிற வள்ளித் திருமணத்தைப் பார்த்துப் பழகிய சீமைக்கு இந்த ருசி புரியாமல் போகுமா?

தங்குவது எதன்மேல் என்பது இன்னும் ஸ்வாரஸ்யமானது. ‘ரிப்ளை 1988’ என்ற இருபது அத்தியாயத் தொடரில் ஸியோல் நகரத்தின் ஸாங்முன்-டோங் பகுதியில் ஒரு சந்து, ஐந்து குடும்பங்கள். முதல் அத்தியாயத்திலேயே ஒரு வீட்டுக் குழம்பு இன்னொரு வீட்டுக்குப் போய், அந்தப் பாத்திரம் வெறுமையாகத் திரும்பக் கூடாது என்பதால் வேறொரு பதார்த்தத்தோடு வந்து, அதுவும் மற்றொரு வீட்டுக்குப் போய், பிள்ளைகள் தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடி ஓடிக் களைத்துப்போகிற ஒரு காட்சி வருகிறது. கதை என்று பார்த்தால் அங்கே ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் இந்த ஊரில் ஆடி மாதத்துக் கூழையும் பொங்கலன்று பொங்கலையும் எதிர்வீட்டுக்குக் கொடுத்தனுப்பி, திரும்பி வந்த தூக்குச்சட்டியைத் திறந்து பார்த்த எவரும் அந்தக் காட்சியில் எல்லாமே நடந்துவிட்டதை அறிவார்கள். ஜப்பானியருடைய ‘மிட்நைட் டைனர்’ இந்த நிதானத்தை ஒரு விரதமாகவே கைக்கொண்டிருக்கிறது: நள்ளிரவு பன்னிரண்டுக்குத் திறந்து காலை ஏழுக்கு மூடுகிற ஒரு சிறு கடை; பலகையில் எழுதியிருப்பது பன்றி இறைச்சி சேர்த்த ஒரே ஒரு சூப்பும் சில பானங்களும்; மற்றபடி வருகிறவர் கேட்பதைச் சாமான் இருந்தால் சமைத்துத் தருகிறார் கண்ணருகே தழும்பு உள்ள அந்தக் கடைக்காரர். அரை மணிக்கும் குறைவான ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் ஒரு பதார்த்தம், ஒரு மனிதன், ஒரு துக்கம். கடைக்காரரின் தழும்புக்குக் காரணம் என்ன என்று நம்மூர்த் தொடராக இருந்தால் நூறு நாளாவது பேசித் தீர்த்திருப்பார்கள். அவர்களோ அதைத் தொடவே இல்லை. அந்த அடக்கத்தை நான் மிகவும் சிலாகிக்கிறேன்.

இந்த வழிக்கெல்லாம் மூத்தவள் ‘ஓஷின்’. 1983 ஏப்ரல் தொடங்கி ஒரு வருஷம், பதினைந்து நிமிஷ அத்தியாயங்கள் 297ஆக, ஜப்பானின் பொதுத்துறை ஒளிபரப்பு நிறுவனமான என்.எச்.கே. காட்டிய கதை அது. ஒரு மூட்டை அரிசிக்காக ஏழு வயதில் வேலைக்கு அனுப்பப்படுகிற குத்தகை விவசாயியின் மகளுடைய வாழ்க்கை. ஜப்பானில் அந்த வருஷம் சராசரியாகப் பாதிக்கு மேற்பட்ட வீடுகள் அதைப் பார்த்தன என்று கணக்கு இருக்கிறது. இலங்கையில் ரூபவாகினி மூலமாக அதைப் பார்த்தவர்களும் ஈரானில் பார்த்தவர்களும் அவளைத் தங்கள் வீட்டுப் பெண்ணாகவே பாவித்தார்கள். அரிசி போதாமல் முள்ளங்கியை நறுக்கிச் சேர்த்து வடித்த சோற்றை அந்த வீட்டார் உண்கிற காட்சிக்கு, வானம் பார்த்த பூமியான எங்கள் மாவட்டத்தில் விளக்கவுரை தேவையில்லை.

நாடகத்தை விட்டு, அவர்கள் ‘ரியாலிட்டி ஷோ’ என்று செய்கிற காரியத்துக்கு வருகிறேன். கொரியாவில் 2014இல் தொடங்கிய ‘த்ரீ மீல்ஸ் எ டே’ என்பதில் பெயர்பெற்ற நடிகர்கள் இரண்டு பேர் ஜோங்ஸோன் என்ற மலைநாட்டுக் கிராமத்துக்குப் போய், தோட்டத்தில் விளைந்ததைப் பறித்து, அடுப்பு மூட்டி, மூன்று வேளையும் சமைத்துச் சாப்பிடவேண்டும்; அவ்வளவுதான். இறைச்சி வேண்டுமானால் அதற்கு ஈடாக வயலில் இறங்கிச் சோளம் அறுக்க வேண்டும். என் ஒன்றுவிட்ட அத்தை ஒருவர், வாழ்நாள் முழுவதும் அடுப்படியிலேயே நின்றவர், கொஞ்ச நேரம் அதைப் பார்த்துவிட்டு, “ஏண்டாப்பா, இதைத்தான் நான் அம்பது வருஷமாச் செய்யிறேன், என்னைய ஒருத்தனும் படம் புடிக்கலையே!” என்றார். அத்தையின் ஆக்ஷேபம் நியாயமானது. நகரத்தில் எல்லாம் கிடைத்துச் சலித்துப்போனவர்களுக்குத்தான் விறகு பற்றாமல் புகைவது வேடிக்கை. ஆனாலும் அத்தை எழுந்து போகவில்லை; அந்த நடிகன் சோற்றைக் குழையவிட்டதும், தண்ணீர் கூடிப்போயிற்று என்று திரையைப் பார்த்துக் கடிந்துகொண்டார்.

அத்தைக்குக் கிடைக்காத படப்பிடிப்பு எங்கள் மாவட்டத்துச் சின்ன வீரமங்கலத்துக்குக் கிடைத்தது. கதிர் அறுத்த பிறகு வேலையில்லாத மாதங்களில், 2018இல், பெரியதம்பி என்ற முதியவரும் அவருடைய பேரன்மார்களும் சேர்ந்து வயல்வெளியில் அடுப்பு வைத்துச் சமைப்பதைப் படமெடுத்து யூடியூபில் போடத் தொடங்கிய ‘வில்லேஜ் குக்கிங் சேனல்’, 2021இல் ஒரு கோடிச் சந்தாதாரரைப் பெற்ற முதல் தமிழ் சேனல் ஆயிற்று. ராகுல் காந்தி வந்து காளான் பிரியாணிக்குத் தயிர்ப்பச்சடி கலந்ததும், ‘விக்ரம்’ படத்தில் இவர்கள் தோன்றியதும் உலகறிந்த செய்திகள். இதில் என் கவனத்தை ஈர்ப்பது வேறு. இவர்களுக்கு ஸியோலைத் தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. இருந்தும் அங்கே பெரும் பொருட்செலவில் நிபுணர்கள் தேடிப்போன அதே இடத்துக்குத் தாமாகவே வந்து சேர்ந்திருக்கிறார்கள். சண்டை இல்லை, யாரையும் வெளியேற்றுவதில்லை, பின்னணியில் உருமிச் சத்தத்தோடு யாரும் திடுக்கிட்டுத் திரும்புவதில்லை. மஞ்சள் என்றும் மல்லி என்றும் ஒவ்வொரு சாமானையும் உரக்கக் கூவிப் போடுகிறார்கள், கொதிக்கிறது, இறக்குகிறார்கள், முதியவர்களும் பிள்ளைகளும் இலைமுன் அமர்ந்து உண்கிறார்கள். வேலை நடப்பதைப் பார்ப்பதே போதுமான இன்பம் என்ற நம்பிக்கை அதில் இருக்கிறது. கொத்தனார் சுவர் எழுப்பினால் நின்று பார்க்கிற, கிணறு வெட்டினால் கூடிவிடுகிற ஜாதி நாம். இந்த நம்பிக்கை நமக்கு எவரும் இறக்குமதி செய்து தரவேண்டியதில்லை.

ஆனால் கொரியர்களிடமும் ஜப்பானியரிடமும் உள்ள ஒரு சம்பிரதாயம் எனக்கு வெகுநாள் புதிராக இருந்தது. திரையின் ஒரு மூலையில் சிறு சதுரம் போட்டு, நிகழ்ச்சியைப் பார்க்கிறவர்களின் முகத்தையும் காட்டிக்கொண்டே போகிறார்கள். கொரியாவில் 2016 முதல் நடக்கும் ‘மை லிட்டில் ஓல்ட் பாய்’ என்பதில் கல்யாணமாகாத பிரபலஸ்தர்களின் அன்றாடத்தை அவர்களைப் பெற்ற தாய்மார்கள் அரங்கில் உட்கார்ந்து பார்த்துத் தலையிலடித்துக்கொள்கிறார்கள்; நாம் மகனையும் பார்க்கிறோம், தாயையும் பார்க்கிறோம். பிறகுதான் விளங்கிற்று, இது நம்முடைய பபூன் நிற்கிற இடம் என்று. ராஜாவுக்கும் நமக்கும் நடுவே நின்று, கதைக்குள்ளும் இல்லாமல் வெளியேயும் இல்லாமல், நாம் சிரிக்கவேண்டிய இடத்தில் முதலில் சிரித்துக்காட்டுகிறவன் அவன். நம் மேடைக்காரர்கள் இதைத் தெரிந்தே செய்தார்கள்: வள்ளியும் நாரதரும் விடிய விடியத் தர்க்கம் செய்யும்போது பார்க்கிறவனுக்கு ஒரு துணை வேண்டும்.

அந்தத் துணை நல்லதாயும் அமையும், கெட்டதாயும் அமையும். ஜப்பானில் 1991 முதல் நடந்துவரும் ‘ஓல்ட் இனஃப்’ நிகழ்ச்சியில் மூன்று வயதுகூட நிரம்பாத குழந்தையைத் தனியே கடைக்கு அனுப்புகிறார்கள். வழியெல்லாம் முன்கூட்டியே பரிசோதித்து, படப்பிடிப்பாளர்கள் வழிப்போக்கர் வேஷத்தில் மறைந்து தொடர, குழந்தை கொடியை உயர்த்திப் பிடித்துச் சாலையைக் கடந்து, வாங்கச் சொன்னதில் ஒன்றை மறந்து, பாதி தூரம் வந்து, மறுபடியும் திரும்பிப் போகிறது. பார்க்கிறவர்களின் பெருமூச்சு அந்தக் குழந்தைக்குக் காவலாக நடக்கிறது. தெருமுனைக் கடைக்குக் கால் கிலோ சர்க்கரைக்காக அனுப்பப்பட்டு, சில்லறையை எண்ணிக்கொண்டே வந்த தலைமுறைக்கு இது ஒரு சாகசமாகத் தோன்றாது; ஆனால் இன்றைக்கு நம்முடைய தெருக்களில் அந்தக் குழந்தையைத் தனியே விடத் துணிவோமா என்று கேட்டுக்கொண்டால் அவர்கள் அதைக் கொண்டாடுவதன் அர்த்தம் புரியும்.

இதற்கு நேர் எதிரே ‘டெரஸ் ஹவுஸ்’. ஒரு வீடு, முன்பின் அறியாத ஆறு பேர், எழுதிக்கொடுத்த வசனம் எதுவும் இல்லை என்று ஒவ்வொரு முறையும் முன்கூட்டியே பிரகடனம். தனியே ஓர் அறையில் அமர்ந்து அவர்களைப்பற்றி வம்பு பேசும் ஒரு குழு. உரத்த சண்டைகளே இல்லாமல், ஒருவர் மனத்தாங்கலை அடுத்த வாரம் வரைக்கும் உள்ளேயே வைத்துக்கொண்டு நடக்கிற அந்த நாகரிகம், நம்முடைய ‘பிக் பாஸ்’ வீட்டுக் கூச்சலுக்குப் பழகிய காதுகளுக்கு ஓர் ஆறுதலாகவே இருந்தது, நானும் ரஸித்தேன். ஆனால், துவைத்துச் சுருங்கிப்போன ஒரு மல்யுத்த உடைக்காகக் கோபப்பட்டுவிட்ட, அந்த வீட்டிலிருந்த இருபத்திரண்டு வயது மல்யுத்த வீராங்கனை ஹானா கிமுரா, அந்தக் காட்சிக்குப் பின் முகமறியாதவர்கள் கைப்பேசி வழியே கொட்டிய வசைகளைத் தாங்காமல் 2020 மே 23இல் உயிரை மாய்த்துக்கொண்டார். நிகழ்ச்சி நின்றது, 2022இல் ஜப்பானில் அவமதிப்புக் குற்றத்துக்கான தண்டனையை ஓராண்டுச் சிறை வரை உயர்த்திச் சட்டத்தைத் திருத்தினார்கள். மெதுவான குரலில் நடந்தாலும் தீர்ப்பு தீர்ப்புதான். கமல்ஹாசன் 2017இல் தொடங்கிவைத்து இப்போது விஜய் சேதுபதி நடத்துகிற நம்முடைய ‘பிக் பாஸ்’ வீட்டிலும் வாரக்கடைசியில் ஒரு நீதிமன்றம் கூடுகிறது. அது முடிந்த பிறகு கைப்பேசிகளில் கூடுகிற நீதிமன்றத்துக்கு நீதிபதி கிடையாது, எல்லோரும் வக்கீல்கள்.

‘ஸ்க்விட் கேம்’ இந்த விஷயத்தைத்தான் கதையாக்கியது என்று நான் கருதுகிறேன். கடனில் மூழ்கிய 456 பேர், தோற்றால் மரணம், மிருக முகமூடி அணிந்து சாய்மானத்தில் அமர்ந்து பந்தயம் கட்டுகிற சீமான்கள். 2021 செப்டம்பரில் அது வந்தபோது எங்கள் பக்கத்து இளைஞர்கள் மற்ற யாரையும்விட அலியைப்பற்றியே பேசினார்கள். டில்லியிலிருந்து போன அனுபம் திரிபாதி நடித்த அந்தப் பாகிஸ்தானியத் தொழிலாளிக்கு முதலாளி ஆறு மாதச் சம்பளம் பாக்கி. பார்க்கிற ஒவ்வொருவரையும் மரியாதையாகவே அழைக்கிறான். அண்ணனாக நம்பியவனாலேயே ஏமாற்றப்பட்டுச் சாகிறான். வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் ஆள் போகாத ஊர் இம்மாவட்டத்தில் அரிது. சம்பளப் பாக்கி என்பது இங்கே நடுராத்திரித் தொலைபேசியில் கேட்கிற சமாசாரம். அப்படிப்பட்ட கதையைத் தந்த அதே நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம், இரண்டு வருஷம் கழித்து, அதே பச்சை உடையில் மெய்யாகவே 456 பேரை வரிசையில் நிறுத்தி, மரணத்தை மட்டும் நீக்கிவிட்டு, 45 லட்சத்து 60 ஆயிரம் டாலருக்கு ஒரு போட்டி நடத்தியது. முகமூடிச் சீமான்களின் ஆசனத்தில் நம்மைக் கூச்சமின்றி உட்காரவைத்தார்கள். அதை நான் பார்க்கவில்லை. பார்க்கிற உத்தேசமும் இல்லை.

பாட்டுப் போட்டிகளைப்பற்றிச் சுருக்கமாக ஒன்று. புதுக்கோட்டைச் சீமையின் நாட்டுப்புறப் பாடகர் செந்தில் கணேஷ் 2018இல் ‘சூப்பர் சிங்கர்’ பட்டம் பெற்றார். அடுத்த வருஷம் கொரியாவில் ஜிண்டோ தீவைச் சேர்ந்த, பான்ஸோரி என்னும் கதைப்பாட்டில் தேர்ந்த ஸோங் கா-இன், ‘மிஸ் ட்ராட்’ போட்டியில் வென்றார். ஜனரஞ்சக இசைக்காகக் கட்டிய மேடையில் மண்ணின் குரல் எழுந்தவுடன் வயதானவர்கள் திடீரென்று தங்களுக்கும் தொலைக்காட்சியில் ஓர் இடம் இருப்பதை உணர்ந்தது இரண்டு தேசங்களிலும் ஏறக்குறைய ஒரே காலத்தில் நடந்திருக்கிறது. அங்கே அதன் பிறகு ட்ராட் என்னும் பழைய பாணி ஜனரஞ்சகப் பாட்டுக்கே ஒரு மறுவாழ்வு வந்தது.

இவ்வளவும் சொன்னபின் எனக்குள்ள ஆசையையும் சொல்லிவிடுகிறேன். என்.எச்.கே. 1961 முதல் காலைத்தொடர் என்று ஒன்றை நடத்திவருகிறது; பதினைந்து நிமிஷம், பெரும்பாலும் ஆறு மாதம், பெரும்பாலும் ஒரு பெண்ணின் வாழ்க்கை, ஏதாவது ஒரு மாகாணத்தின் மண்ணும் பேச்சும். 2024இல் வந்த ‘தி டைகர் அண்ட் ஹர் விங்ஸ்’, ஜப்பானின் முதல் பெண் வக்கீல்களுள் ஒருவராகிப் பின்னர் நீதிபதியுமான மிபுச்சி யோஷிகோவின் வாழ்க்கையைத் தழுவி 130 அத்தியாயங்களில் சொல்லப்பட்டது. அதைப் பார்க்கும்போதெல்லாம் 1886இல் புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமியை நினைக்காமல் இருக்க என்னால் முடியவில்லை. இசைவேளாளர் குலத்துத் தாய், கல்லூரித் தலைவரான தந்தை, ஆண்கள் மட்டுமே படித்த மகாராஜா கல்லூரியில் எதிர்ப்புக்கிடையே மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் கொடுத்த அநுமதி, 1912இல் மருத்துவப் பட்டம், சென்னைச் சட்டசபையின் துணைத்தலைமை, அவ்வை இல்லம், 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை: இதைவிட ஒரு காலைத்தொடருக்கு என்ன வேண்டும்?

அதற்குள்ளேயே ஓர் எதிர்ப்பாத்திரமும் காத்திருக்கிறார். தேவதாசி முறையை ஒழிக்க முத்துலட்சுமி முனைந்தபோது சட்டசபையில் எதிர்த்துப் பேசிய எஸ். சத்தியமூர்த்தி, ஒரு வருஷம் இளையவர். இதே சமஸ்தானத்துத் திருமயத்தில் பிறந்து, இதே மகாராஜா கல்லூரியில் படித்தவர். சிறைக்கஞ்சாத தேசபக்தர், நாடகமும் சங்கீதமும் என்றால் உயிரை விடுகிறவர். அந்த விவாதத்தைப்பற்றி மேடைகளில் கைதட்டலுக்காகச் சொல்லப்படும் சூடான வசனங்கள் சில உண்டு. நம்முடைய தொடர் ஆசிரியர் அவற்றையே பிடித்துக்கொண்டு, சத்தியமூர்த்திக்குத் தாடை நடுங்கும் அண்மைக்காட்சி மூன்றும் இடிமுழக்கமும் வைத்துவிடுவார். ஜப்பானிய எழுத்தாளராக இருந்தால், அழிந்துபோகுமே என்று ஒரு கலைக்காக மெய்யாகவே அஞ்சுகிற மனிதனையும், அந்தக் கலையைச் சுமந்த குலத்தில் பிறந்ததனாலேயே அதன் விலையை அறிந்த பெண்ணையும் எதிரெதிரே உட்காரவைத்து, இருவர் பேச்சிலும் புதுக்கோட்டை வாடையை விட்டுவைத்து, சத்தியமூர்த்திக்கும் முழுதாக ஒரு வாரம் கொடுத்திருப்பார். முதல் இரண்டு வாரம் திருக்கோகர்ணத்துத் தெருவில் குழந்தைப் பருவம். மூன்றாவது வாரம் கல்லூரி. சட்டசபைக் கட்டம் இருபதாவது வாரத்துக்குமுன் வரக் கூடாது. தாய் சந்திரம்மாள் பாத்திரத்துக்கு மேடையில் பாடிப் பழகிய ஒரு நாடக நடிகையைத் தேடவேண்டும். அதற்கு வெளியூர் போகவேண்டிய அவசியமில்லை, சங்கம் இங்கேயே இருக்கிறது.